யார் காதால் கேட்கிறோம்?

(குரும்பலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பாடகியைப் பற்றி. அவரைவிட, அவரை உலகம் எப்படிக் கேட்டது, நாம் எப்படிக் கேட்டோம் என்பதைப் பற்றி. அவர் பெயர் கானவ்யா துரைசாமி. நியூயார்க்கில் பிறந்தவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர். தானே எழுதுவார், தானே மெட்டமைப்பார், தானே பாடுவார். இந்த அரங்கில் எத்தனை பேர் அவர் பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள், பார்ப்போம். ஐந்தாறு கைகள் தெரிகின்றன. மகிழ்ச்சி. மற்றவர்கள் வெட்கப்பட வேண்டாம். கேட்காதது உங்கள் குற்றம் இல்லை. அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. அந்தக் குறையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில், அது என்ன மாதிரியான இசை? பல்லவி, சரணம், நடுவே ஒரு வயலின் கூட்டம் என்று நமக்குப் பழகிய கட்டுமானம் அதில் இருக்காது. ஒரு சுருதி நீளமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் குரல் மெல்ல வரும். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்தும். அந்தச் சொல் அடங்கும்வரை அடுத்த சொல் வராது. பாடுபவரின் மூச்சு கேட்கும். அவசரமே இருக்காது. பாட்டு என்று சொல்வதைவிட, பாட்டு குடியிருக்கும் ஒரு சூழல் என்றே சொல்லலாம். இப்படிப்பட்ட இசையைச் சூழலிசை என்கிறார்கள். அரைமணி நேரம் கேட்டால் மனம் தணிந்துவிடும்.

இந்தப் பாடகியின் முதல் ஆல்பம் 'ஐக்கியம்: ஒண்ணு' 2018இல் வந்தது. 2023 டிசம்பரில் லண்டனில் சால்ட் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, அந்தப் பெரிய அரங்கத்தில் இவர் குரலும் ஒலித்தது. 2024இல் ஜாஸ் கலைஞர் ஷபாக்கா ஹட்சிங்ஸ் நடத்தும் நேட்டிவ் ரெபல் நிறுவனம் 'லைக் த ஸ்கை ஐ ஹேவ் பீன் டூ கொயட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்'. அதை வெளியிட்டது பெர்லினிலுள்ள லைட்டர் நிறுவனம், ஜெர்மன் பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராம் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கியது. அடுத்து 2025 மே மாதம் 'நிலம்'. ஆம், தமிழ்ப் பெயர்தான். பதினைந்து மாத காலத்துக்குள் மூன்று ஆல்பங்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய ஏடுகள் எல்லாம் எழுதின. பாராட்டியே எழுதின.

என்ன எழுதின? அந்த மதிப்புரைகளைப் படித்தால் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஆன்மிக ஜாஸ். தியானம். பிரார்த்தனை. ஆறுதல். மருந்து. இவை பொய்யான சொற்களா? இல்லை. அன்போடு எழுதப்பட்டவையா? ஆம். ஆனால் நண்பர்களே, ஒரு பாட்டைக் கேட்டு 'மனம் அமைதியடைந்தது' என்று எழுதினால், அது கேட்டவரின் மனத்தைப் பற்றிய செய்தி. பாட்டைப் பற்றிய செய்தி எங்கே? அந்தச் சொல் யாருடையது? அந்த மெட்டு எங்கிருந்து வந்தது? அந்த நிறுத்தம் ஏன் அங்கே விழுந்தது? இவற்றைக் கேட்பதல்லவா விமர்சனம்?

மூன்று இடங்களை எடுத்துச் சொல்கிறேன். மூன்றையும் ஒரு தமிழ்க் காது எப்படிக் கேட்கும் என்று பாருங்கள்.

'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்தில் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற இசை வருகிறது. அது கானவ்யாவின் சொந்தப் படைப்பு அல்ல. 1971இல் வெளிவந்த ஆலிஸ் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற ஆல்பத்தின் தலைப்பு இசை அது. ஆலிஸ் கோல்ட்ரேன் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் மனைவி. 1967இல் கணவரை இழந்தபின் துயரத்தில் ஆழ்ந்தவர். அந்தத் துயரத்தில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். அவர்தான் சுவாமி சச்சிதானந்தா. இதுவரை மேலைநாட்டு மதிப்புரைகள் சொல்லும். அதற்குமேல் நாம் கேட்க வேண்டும்: யார் அந்தச் சச்சிதானந்தா?

கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த தமிழர் அவர்! பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சிவானந்தரின் சீடர். 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவில், லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் தொடக்க உரை ஆற்றியவர். ஆக, கோவை மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை ஒருவர் அமெரிக்கா போகிறார். கணவரை இழந்த ஒரு கறுப்பினக் கலைஞருக்கு அவர் வார்த்தை ஆறுதலாகிறது. அந்த ஆறுதல் ஓர் இசையாகிறது. அதில் தம்பூரா ஒலிக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு பெண் அதே இசையை எடுத்துத் தன் குரலில் பாடுகிறார். இது வெறும் ஆன்மிகச் சூழலா? இது ஒரு கடன் திரும்பி வந்த வரலாறு. செட்டிபாளையத்திலிருந்து புறப்பட்டது சுற்றிச் சுற்றி நம் வீட்டுக்கே வந்திருக்கிறது. வாசலில் வந்து நிற்பதை நாம் அடையாளம் கண்டோமா?

அந்த ஆல்பத்துக்காக 2022இல் ஹூஸ்டன் நகரத்து இசையரங்கில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டினார் கானவ்யா. ஜாஸ் கலைஞர் எஸ்பரான்சா ஸ்பால்டிங், நாடக இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் என்று பெரிய பெரிய பெயர்கள். எனக்கு அந்த ஆல்பத்தில் ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுப் பிரார்த்தனையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் நெருக்கம் வேறு, பிறகு ஒலிப்பதிவில் கேட்பவருக்குக் கிடைப்பது வேறு. சில இடங்களில் நாம் வாசலுக்கு வெளியே நின்று உள்ளே நடக்கும் பூசையை எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. பாராட்டு மழையில் இதைச் சொன்னவர்கள் குறைவு. நேசிக்கிற கலைஞரிடம் குறையைச் சொல்வதும் மரியாதைதான்.

இரண்டாவது இடம், ஹார்ப். 'நிலம்' ஆல்பத்தில் குரலுக்குத் துணை பெரும்பாலும் இரண்டே கருவிகள். மேக்ஸ் ரிட்லி வாசிக்கும் பாஸ், சார்ல்ஸ் ஓவர்ட்டன் வாசிக்கும் ஹார்ப். ஹார்ப் என்றதும் மேலைநாட்டு விமர்சகருக்கு ஆலிஸ் கோல்ட்ரேன் நினைவுக்கு வருவார். நியாயம்தான். ஆனால் தமிழ் படித்தவனுக்கு வேறென்ன நினைவு வர வேண்டும்? யாழ்! நரம்புகளை வரிசையாகக் கட்டி விரலால் மீட்டும் கருவி நம்மிடம் இருந்தது. பாணர் அதைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடினார்கள். பிறகு அந்தக் கருவி நம் கையைவிட்டுப் போயிற்று. அது எப்படி இருந்திருக்கும், எப்படி ஒலித்திருக்கும் என்று ஆராய்ந்து இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 'யாழ் நூல்' எழுதி, 1947இல் அரங்கேற்றிவிட்டு, அதே ஆண்டு கண்ணை மூடினார். ஹார்ப்பும் யாழும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது மேலைநாட்டுக் கருவிதான். ஆனால் ஒரு பெண் தமிழில் பாட, பக்கத்தில் வரிசை நரம்புகள் மீட்டப்படும்போது, நம் காதில் ஒரு பழைய கதவு திறக்க வேண்டாமா? அந்தக் கதவு லண்டன் விமர்சகருக்குத் திறக்காது. அவரைக் குறைசொல்ல முடியாது. நமக்குத் திறக்காவிட்டால், அது நம் குறை.

மூன்றாவது இடம். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். 'நிலம்' ஆல்பத்தில் ஒரு திருப்புகழ் இருக்கிறது. அருணகிரிநாதர் பாடல். அருணகிரியார் பாடிய தலங்களில் ஒன்றான வாலிகண்டபுரம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கிருத்திகைதோறும் திருப்புகழ் ஓதும் வீடுகள் இந்த ஊரிலும் இருக்கும். உங்களுக்கு நான் திருப்புகழ் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. திருப்புகழின் உயிர் எது? சந்தம். பொருள் புரியாத குழந்தைகூடச் சந்தத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டும். வல்லினம் எங்கே விழ வேண்டும், நெடில் எங்கே வர வேண்டும் என்று ஒவ்வோர் அடியும் கணக்கு. அந்தக் கணக்கு ஒரு மாத்திரை பிசகினாலும் ஓதுபவருக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

இப்போது கேள்வி: சந்தத்தின் ஓட்டத்திலேயே வாழும் ஒரு பாட்டை, தாளக் கருவிகளுக்கு அதிகம் இடமில்லாத, மெல்ல நகரும் சூழலிசைக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஆதாயமா, நட்டமா? இதுவல்லவா விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி! ஆங்கிலத்தில் நான் படித்த எந்த மதிப்புரையிலும் இந்தக் கேள்வி இல்லை. இருக்கவும் முடியாது. அவர்களுக்கு அது ஒரு பழைய தமிழ்ப் பக்திப் பாடல், அவ்வளவுதான். திருப்புகழை ஓதிப் பழகிய ஒரு குரும்பலூர்ப் பாட்டி இந்தக் கேள்வியைக் கேட்பார். 'என்னம்மா, இவ்வளவு நிதானமா இழுக்கிறாளே, துள்ளல் போயிடுச்சே' என்பார். அவர் சொல்வது சரி. அதே பாட்டி இன்னொரு முறை கேட்டுவிட்டு, 'ஆனா ஒவ்வொரு சொல்லும் இப்பத்தான் காதுல விழுது' என்றும் சொல்லக்கூடும். அதுவும் சரி. என் தீர்ப்பைக் கேட்டால், துள்ளல் குறைந்த இடத்தில் வேண்டுதல் கூடியிருக்கிறது. வேகமாக ஓதும்போது நாம் தாண்டிப் போகும் கெஞ்சல் இங்கே நின்று நம் முகத்தைப் பார்க்கிறது. ஆனால் இதை எல்லாத் திருப்புகழுக்கும் செய்ய முடியாது. சந்தமே பொருளாக நிற்கும் பாடல்கள் இந்த நடையில் செத்துப்போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாளம் இல்லாமல், ஒரு செய்யுளை ராகத்தில் வைத்து, சொல் சொல்லாக நிறுத்திப் பாடுவது நமக்குப் புதிதா? விருத்தம் என்று அதைத்தானே காலங்காலமாகப் பாடுகிறோம்! கச்சேரியின் கடைசிப் பகுதியில் மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பாடகர் தேவாரமோ பாசுரமோ எடுத்து விருத்தமாகப் பாடுவாரே, அந்த நேரத்தில் அரங்கம் எப்படி இருக்கும்? கல்மண்டபத்தில் ஓதுவார் நின்று பாடும்போது அந்தக் கல்லே சொல்லைத் திருப்பிச் சொல்லுமே, கங்கைகொண்ட சோழபுரத்திலோ திருமழபாடியிலோ கேட்டிருக்கிறீர்களா? ஒலிப்பதிவுக் கூடத்தில் இயந்திரத்தை வைத்து உண்டாக்கும் எதிரொலியை அங்கே மண்டபம் உண்டாக்குகிறது. புதுமை என்று உலகம் கொண்டாடும் பாட்டின் பாதி வேர் அங்கேதான் இருக்கிறது.

வேர் என்றதும் ஒரு செய்தி. கானவ்யாவின் பாட்டி சீதா துரைசாமி. ஜலதரங்கக் கலைஞர், கலைமாமணி. ஜலதரங்கத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பீர்கள். அரைவட்டமாகப் பீங்கான் கிண்ணங்கள் பரப்பியிருக்கும். பெரியது இடப்பக்கம், சிறியது வலப்பக்கம். ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஒரு கரண்டி தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். இரண்டு மெல்லிய குச்சிகளால் விளிம்பில் தட்ட வேண்டும். கமகம் வேண்டுமென்றால் தட்டிய கையோடு குச்சி முனையால் தண்ணீரை லேசாகத் தொட வேண்டும். ஸ்வரம் நடுங்கும். தட்டிய ஒலி உடனே அடங்காது, அடுத்த ஒலியோடு கலந்து நிற்கும். எது எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்துதான் அடுத்த கிண்ணத்தைத் தொட முடியும். இப்போது பேத்தியின் பாட்டைக் கேளுங்கள். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அது அடங்கக் காத்திருக்கும் அந்தப் பொறுமை. இது என் ஊகம்தான், ஆனால் உறுதியாக நம்புகிறேன்: அந்தப் பொறுமைக்குப் பாட்டியின் கிண்ணங்களோடு உறவு உண்டு. பெண்கள் கச்சேரி மேடைக்கு வருவதே அரிதாக இருந்த காலத்தில் தண்ணீர்க் கிண்ணங்களோடு மேடையேறிய ஒரு பெண்மணியை விட்டுவிட்டு, அவர் பேத்தியின் இசையைப் பற்றி எப்படி முழுமையாக எழுத முடியும்?

சரி, நாம் என்ன எழுதினோம்? நான் படிக்கும் தமிழ் இதழ்களில் செய்தி வந்தால், 'உலக அரங்கில் தமிழ்ப்பெண் சாதனை' என்று வருகிறது. அது வாழ்த்து, விமர்சனம் இல்லை. பாட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. நமக்கு இந்த வழக்கம் பழையது. 1992இல் 'ரோஜா' படம் வந்தபோது தெருவெல்லாம் அதன் பாட்டு ஓடியது. அந்த ஒலியில் புதிதாக என்ன நடந்திருக்கிறது என்று பாட்டுப் பாட்டாகப் பிரித்து எழுதிய தமிழ்ப் பக்கங்கள் எத்தனை? 2005இல் டைம் இதழ் சிறந்த பத்துத் திரையிசைகளில் அதைச் சேர்த்தது. அன்றிலிருந்து மேடைக்கு மேடை டைம் இதழைச் சொல்கிறோம். பதின்மூன்று ஆண்டுகள் நம் காதில் இருந்த பாட்டுக்கு வெளியூர்க்காரர் முத்திரை குத்த வேண்டியிருந்தது!

இப்படி இருந்த மண்ணா இது? இல்லை ஐயா, இல்லை! ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய இசை விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள். பாட்டு தெரியாதவனும் படிப்பான். பாடகர் எந்த ராகத்தை எப்படி விரித்தார், சொல்லை எங்கே விழுங்கினார், தமிழ்ப் பாட்டை ஏன் கச்சேரியின் வாலில் தொங்கவிட்டார் என்று பெயர் சொல்லிக் கேட்பார். பின்னால் விமர்சகர் சுப்புடு வந்தார். பெரிய வித்துவான்களே அவர் பேனாவுக்கு அஞ்சினார்கள். அவர் எழுதியதெல்லாம் நியாயம் என்று நான் வாதாட மாட்டேன். சில இடங்களில் காயப்படுத்தவும் செய்தார். ஆனால் அவர் கேட்டார். முழுக் கச்சேரியையும் உட்கார்ந்து கேட்டார். கேட்டதை எழுதினார். அந்தப் பழக்கம் கர்நாடக சங்கீத சபாவின் வாசலோடு நின்றுபோயிற்று. திரையிசைக்கு அரைகுறையாக வந்தது. தனியாக எழுதிப் பாடும் இன்றைய பிள்ளைகளுக்கு வரவே இல்லை.

விமர்சனம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? பெயர்கள் காணாமல் போகும். 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாட்டு வந்தது. தீ பாடினார், அறிவு எழுதிப் பாடினார், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் ஆடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தலைமுறையின் நினைவு அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவுக்கும் ஓர் அட்டைப்படம் வந்தது. கேள்வி எழுந்ததால்தானே வந்தது? பாட்டின் சொல் யாருடையது என்று முதல் நாளே விரிவாக எழுதிவைத்திருந்தால், அந்தப் பெயரை யாராலும் நகர்த்தியிருக்க முடியாது. அறிவின் இசையும் கானவ்யாவின் இசையும் வடக்கும் தெற்கும் போல. ஒன்று முழக்கம், ஒன்று மெல்லொலி. இரண்டுக்கும் நேர்ந்தது ஒன்றுதான்: ஒலியை ரசித்தார்கள், சொல்லின் ஊரை விசாரிக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் கல்லூரியிலேயே கிடாரை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுக் கட்டும் தம்பி ஒருவன் இருப்பான். அலைபேசியில் பதிவுசெய்து நண்பர்களுக்கு மட்டும் அனுப்பும் தங்கை ஒருத்தி இருப்பாள். பச்சைமலையில் யாரோ ஒருவர் எந்த ஏட்டிலும் ஏறாத பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார். அவர்களுக்கு 'சூப்பர்' என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சொல்லால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை சொல்லை எழுதிக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் முறை பின்னால் என்ன ஒலிக்கிறது, எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். ராகம் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் உங்கள் ஊர்ப் பாட்டு எதன் சாயல் என்று எழுதுங்கள். தாலாட்டா, ஒப்பாரியா, நடவுப் பாட்டா, தேவாரமா? உங்கள் பாட்டியிடம் போட்டுக் காட்டி அவர் சொல்வதையும் எழுதுங்கள். பிடிக்காத இடத்தை, ஏன் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதுங்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர், பதிவுசெய்தவர் என எல்லோர் பெயரையும் போடுங்கள். ஒரு பக்கம் போதும். கல்லூரி ஆண்டு மலருக்கு அனுப்புங்கள், சிற்றிதழுக்கு அனுப்புங்கள்.

இன்று இரவே தொடங்கலாம். 'நிலம்' ஆல்பத்தைக் கேளுங்கள், அந்தத் திருப்புகழைக் கேளுங்கள், சந்தம் நிற்கிறதா விழுகிறதா என்று நீங்களே முடிவுசெய்து எனக்கு எழுதுங்கள். என் தீர்ப்பை மறுத்து எழுதுபவரின் கடிதத்தை நான் முதலில் படிப்பேன்.